படகில் குளிராத பெட்டி

என் உசிருக்குச் சமமான தம்பி முனிராஜ்,

நேற்று மத்தியானம் நாகமரைத் துறையில், நம் படகுக்குள் நாலு பேர் இருந்தோம். இன்ஜின் பக்கத்தில் என் வீட்டுக்காரர், உன் மாமா. குளிர்ப்பெட்டியின் மூடி மேல் கையை ஊன்றிக்கொண்டு அக்கரைப் பச்சையப்பன் அண்ணன். பென்னாகரத்திலிருந்து வரவழைத்த பிரிட்ஜ் மெக்கானிக் ஒருவர். அப்புறம் நோட்டோடு நான். அங்கே நடந்ததை வேறு யாரும் சொல்லி நீ கேட்கக் கூடாது. அதனால் நானே எழுதுகிறேன்.

நீ பொருத்திக் கொடுத்த பெட்டி சரியாகக் குளிரவில்லை, தம்பி. ஒரு மாதமாக இப்படித்தான். பெட்டி ஓடுகிறது, சத்தம் வருகிறது, ஓட்டம் நிற்பதே இல்லை. ஆனால் மத்தியானம் மூடியைத் திறந்தால் கட்லா மீனின் கண் மங்கிக் கிடக்கிறது. போன வாரத்தில் இரண்டு தரம் பென்னாகரம் கடைக்காரர் மீனை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். ஐஸுக்கு அலைய வேண்டாம் என்று நீ சோலாரும் பேட்டரியும் வைத்து இந்தப் பெட்டியை ஓட விட்ட பிறகுதானே அக்கரையில் ஏழு குடும்பமும் நமக்கு மீன் போட ஆரம்பித்தது?

பச்சையப்பன் அண்ணன் ஏழு வீட்டுக்கும் சேர்த்துத்தான் பேச வந்திருந்தார்.

"ந்தாம்மா, முனிராசு மூஞ்சிக்கோசரம் இத்தினி நாளு பொறுத்துக்கிட்டோம். இன்னிக்கு மீனும் திரும்பி வந்துச்சுன்னா நாளையிலிருந்து வேற படகுல ஏத்திருவோம். வருத்தப்படாதீங்க."

உன் மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உந்தம்பி வேலை ஊருக்கெல்லாம் நின்னுச்சு. நம்ம படகுல மட்டும் நிக்கல" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

பெட்டிக்குள் அறுபது கிலோ மீன் இருந்தது. வெப்பமானியில் பதினொரு டிகிரி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டு ஆனது.

நான் சும்மா இருக்கவில்லை என்பது உனக்குத் தெரிய வேண்டும். மூடியின் ரப்பரில் காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் இறுக்கமாகத்தான் பிடித்தது. பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், குறை இல்லை. பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தகடுகளில் தூசியைப் பழைய பல் துலக்கும் பிரஷால் எடுத்தேன். இதெல்லாம் நீ செய்யும்போது நான் டீ கொடுக்க வந்து நின்று பார்த்தவைதான்.

மெக்கானிக் ஒரே வார்த்தையில் முடித்தார். "கேஸ் எறங்கிருச்சுங்க. பொட்டியக் கழட்டிக் கடைக்குக் கொண்டாங்க. நாலு நாளாவும்."

நாலு நாள் பெட்டி இல்லாத படகுக்கு யார் மீன் தருவார்கள்? உன் மாமா ஸ்பேனரை எடுத்துவிட்டார். நான் நோட்டைத் திறந்தேன். மளிகைக் கணக்கு எழுதுவதுபோல, காலை, மத்தியானம், சாயங்காலம் என்று பெட்டியின் டிகிரியை எழுதி வருகிறேன்.

"ஏங்க, விடியறப்போ நாலு டிகிரி இருக்குதுங்க. வெயிலேற ஏற இதுவும் ஏறுது. கேஸ் இல்லீன்னா காலையில மட்டும் எப்படிங்க குளுரும்?"

மெக்கானிக் சிரித்தார். "அக்கா பொட்டிக்கு ஜாதகம் எழுதி வச்சிருக்குது."

"வூட்ல எனக்கும் ஒரு நோட்டு எழுதி வச்சிருக்கா" என்றார் உன் மாமா. பச்சையப்பன் அண்ணன் சிரிக்கவில்லை. மூடியிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

அந்த நேரத்தில் நான் வேறு என்ன செய்வேன்? காவேரித் தாயையும் உன்னையும் கும்பிட்டு ஊதுபத்தி ஏற்றினேன். பெட்டிக்குப் பின்னால், படகின் மரச்சுவர் மூலையில் உன் படம் இருக்கிறது. ஆடிப் பதினெட்டுக்குப் படகுக்குப் பூஜை போட்டபோது, நீயும் எங்களோடு தண்ணீரில் வர வேண்டும் என்று நானே பலகை அடித்து வைத்த படம். அதன் முன்னால் பத்தியைக் குத்தினேன்.

புகை மேலே போகவில்லை, தம்பி. சரிந்து, பெட்டியின் பின்பக்கத்துக்குள் இழுபட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில் மறுபக்கமாக வெளியே வந்தது. வந்த புகையே சுற்றிக்கொண்டு திரும்ப உள்ளே போனது. பின்னால் கையை விட்டேன். அடுப்பு வாயில் கை வைத்ததுபோல அனல்.

அங்கே ஒரு ஜன்னல் இருந்தது அல்லவா? இரண்டு சாண் அகலத்தில் நீ சுவரை அறுத்து, பட்டைக் கம்பி வைத்த ஜன்னல். உன் படத்துக்குப் பின்னால் மழைச்சாரல் அடிக்கக் கூடாது என்று அதன் மேல்தான் நான் பிளைவுட் அடித்திருந்தேன். பெட்டி கக்கும் சூடு வெளியே போக வழியில்லை. கக்கியதையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. நோட்டைப் புரட்டினேன். டிகிரி ஏறத் தொடங்கியது ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். பெட்டியைக் கழற்றும்போது பலகையும் சேர்ந்து கழன்றிருக்கும், பழி உன்மேலேயே நின்றிருக்கும். மூன்று ஆண்பிள்ளைகள் முன்னால் வாயைத் திறந்தேன்.

"தம்பி வேலை மேல தப்பில்லீங்க. தப்பு நான் பண்ணது. அவன் வச்ச ஜன்னல நாந்தான் அடைச்சேன்."

படத்தை எடுத்து முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். உன் மாமா ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினார். பலகை வந்ததும் காற்று உள்ளே வந்தது. மெக்கானிக் கையை நீட்டிப் பார்த்தார். "மொத இதப் பாத்திருக்கோணும்" என்று மெல்லச் சொன்னார்.

பெட்டி உடனே குளிர்ந்துவிடவில்லை. பன்னிரண்டிலேயே நின்றது. ஒரு மணி நேரம் கழித்து ஒன்பது. மீனை வண்டியில் ஏற்றும்போது ஆறு. கடைக்காரர் செவுளைத் தூக்கிப் பார்த்தார். எடுத்துக்கொண்டார்.

பச்சையப்பன் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நாளைக்குப் போடறோம்மா. நாளான்னிக்கு அப்பறம் பாக்கலாம்" என்றார். இன்று காலை ஏழு வீட்டில் ஐந்து வீட்டு மீன்தான் வந்தது. இரண்டு வீடு இன்னும் வரவில்லை.

உன் மாமா நேற்று சாப்பிடும்போது தலையைத் தூக்காமல், "மச்சான நெனைக்காம பேசிட்டேன்" என்றார். நீ மன்னித்துவிடு. என்னையும்.

இனி அந்த ஜன்னலுக்கு முன்னால் ஒரு பூச்சரம்கூடத் தொங்காது. பெட்டியின் டிகிரியை ஒருநாள் விடாமல் எழுதுவேன். மிச்சம் இரண்டு வீட்டுக்கும் நானே அக்கரை போய் நோட்டைக் காட்டிப் பேசுவேன். இது உன்மேல் சத்தியம்.

உன் படம் இன்னும் என் சேலைக்குள்தான் சுற்றிக் கிடக்கிறது. சாமி மாடத்தில் வைக்கக் கூடாது என்கிறார்கள். கூடத்தில் மாட்ட மனசு வரவில்லை, இத்தனை நாள் எங்களோடு தண்ணீரில் இருந்தவன் நீ. படகின் முன்பக்கம் வைத்தால் வெயிலில் வெளுத்துப் போவாய். எங்கே வைக்கட்டும்? அமாவாசைக்கு நாலு நாள்தான் இருக்கிறது. அதற்குள் கனவில் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ, தம்பி.

உன் கூடப் பிறந்தவள்,
அக்கா மாதம்மா