எங்கள் கிணற்றுத் தண்ணீர் குடித்த எஞ்சின்

இணுவில்,
மாசி மாதம், புதன்கிழமை.

என் அன்பு மகள் ஆரபிக்கு அப்பா எழுதுவது. கந்தசுவாமியார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், சுகமில்லாமல் படுத்திருப்பது லொறி ஒன்றுதான். ரொறன்ரோக் குளிரில் நீ சளி, தடிமன் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் கதைக்கிற அப்பா இதென்ன புதிதாகக் கடிதம் என்று யோசிப்பாய். சில விஷயங்கள் எனக்கு வாயில் வராது பிள்ளை, பேனையால்தான் வரும். எழுதி முடித்ததும் அம்மா படம் பிடித்து உனக்கு அனுப்புவா.

நடந்தது உனக்குப் பாதி தெரியும். போன கிழமை பீற்றூட்டும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைச் சந்தைக்குப் போகும்போது, பளையைத் தாண்டியதும் சூடு காட்டுகிற முள்ளு சிவப்பில் போய் நின்றது, பின்னால் ஒரே வெள்ளைப் புகை. இறங்கி ஒயிலைப் பார்த்தால் பால்தேத்தண்ணீர் நிறத்தில் இருக்கிறது, தண்ணீர் கலந்துவிட்டது. மரக்கறியை வேறு லொறியில் மாற்றி அனுப்பிவிட்டு, எங்களுடையதைக் கட்டி இழுத்துக்கொண்டு கொக்குவிலில் சுபாஸ்கரனின் கராச்சுக்குக் கொண்டுவந்தேன். அங்கே நின்ற எல்லோருடைய தீர்ப்பும் ஒன்றுதான். எங்களோடு தம்புள்ளைக்கு ஓடுகிற அருட்பிரகாசம், "எட்டு லட்சம் கிலோமீற்றர் ஓடிட்டுது அண்ணை, இனி உதோடை மாரடிக்காமல் கொழும்பிலையிருந்து ஒரு யப்பான் எஞ்சினை எடுத்துப் போடுங்கோ" என்றான். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. எஞ்சின் வாங்குவதென்றால் உனக்கென்று வைத்திருக்கிற மேற்குப் பக்கக் காணியைத்தான் விற்க வேண்டும், எஞ்சின் இல்லையென்றால் தொழிலே இல்லை. அம்மா போய்க் காணி உறுதிப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தா. அதைப் பார்க்க எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் நீ போன் எடுத்தாய். ஒயில் குறைகிறதா என்று கேட்டாய், ஒருமுறை ஒயில் மாற்றினால் அடுத்தமுறை மாற்றும்வரைக்கும் அரைப் போத்தல்கூட விடுவதில்லை என்றேன். முன்பு புகைத்ததா என்றாய், இல்லை என்றேன். பிறகு, "அப்பா, ரேடியேற்றருக்கு எங்கத்தைத் தண்ணி விடுறனீங்கள்?" என்று கேட்டாய். எனக்கு வந்ததே கோபம்! எங்கள் கிணறு எப்படிப்பட்ட கிணறு, பக்கத்து ஒழுங்கையிலிருந்தெல்லாம் குடத்தோடு வந்து தேத்தண்ணிக்கு அள்ளிக்கொண்டு போகிறார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு பயணத்துக்கும் முழுகிப்போட்டு, அந்தத் தண்ணீரைத்தான் செம்பில் அள்ளி என் கையால் ஊற்றி, கோயில் வாசலில் கர்ப்பூரம் கொளுத்திவிட்டு வெளிக்கிடுகிறவன் நான். "எங்கடை கிணத்தைக் குறை சொல்லவோ கனடாவுக்குப் போனனீ?" என்று கத்திவிட்டேன். நீ குரலை உயர்த்தவில்லை. "குடிக்க அது நல்ல தண்ணிதான் அப்பா. எஞ்சின் சூட்டுக்கு அதிலை இருக்கிற சுண்ணாம்பு படிஞ்சுபோம். கிலோமீற்றரைப் பாத்து எஞ்சினைத் தூக்கி எறியாதைங்கோ, முதல் ஹெட்டைக் கழட்டிப் பாருங்கோ. உந்தத் தண்ணியையே விட்டால் புது எஞ்சினும் ஒரு நாளைக்கு உப்பிடித்தான் நிக்கும்" என்றாய். நான் சட்டென்று போனை வைத்துவிட்டேன். அது பிழை பிள்ளை.

ஆனாலும் நீ சொன்னதைத் தட்ட மனம் வரவில்லை, நான் விடாமல் கேட்டதில் நேற்றுக் காலை சுபாஸ்கரன் அரை மனதோடு எஞ்சினின் மேல்மூடியை, அந்த ஹெட்டை, கழற்றினான். தண்ணீர் ஓடுகிற துவாரங்களுக்குள் கம்பி விட்டால் போகவில்லை, வெள்ளை வெள்ளையாகக் கல்லுப்போல இறுகிக் கிடக்கிறது. ஹெட்டுக்குக் கீழே இருக்கிற கஸ்கற் தகடு சூட்டில் கருகிப் பிளந்துவிட்டது, அந்த வழியாகத்தான் தண்ணீர் ஒயிலுக்குள் போயிருக்கிறது. ஆனால் சிலிண்டர் நாலையும் அளந்து பார்த்துவிட்டு அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அண்ணை, தேய்வெண்டு சொல்ல ஒண்டுமில்லை, உது இன்னும் ரெண்டு லட்சம் ஓடும். கழட்டிப் பாக்கச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டான்.

ஆரபி, நீ பஸ் கராச்சில் எஞ்சின் கழற்றிப் பூட்டுகிறாய் என்று நான் இங்கே ஒருவருக்கும் சொன்னதில்லை. பெரியப்பா வீட்டுக் கலியாணத்தில் உனக்கு முன்னாலேயே, மகள் பஸ் கொம்பனியில் ஒப்பீஸ் வேலை என்று சொன்னேன். பெண்பிள்ளை கையில் ஒயிலோடு நிற்கிறாள் என்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று பயந்தேன். நீ அதைக் கேட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி சோற்றைப் பிசைந்தாய். எனக்கு அது அப்போதே தெரிந்தது, தெரிந்தும் பேசாமல் இருந்தேன். நேற்று அத்தனை டிரைவர்மாருக்கும் முன்னால், "என்ரை மகள்தான் சொன்னவள், அவள் கனடாவிலை பஸ் எஞ்சின் திருத்துற மெக்கானிக்" என்று சொன்னேன். சொல்லி முடிய நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அருட்பிரகாசம், "உவர் ஏன் இவ்வளவு நாளும் இதை ஒளிச்சு வைச்சவர்?" என்று சுபாஸ்கரனிடம் கேட்டான், பிறகு மெல்ல என் பக்கம் வந்து, "அண்ணை, என்ரை லொறியின்ரை சத்தத்தையும் தங்கச்சிக்கு ஒருக்கால் கேக்க விடலாமோ?" என்றான். எனக்கு வந்த பெருமையை எப்படி எழுதுவது! வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால் அவ கேத்திலைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து உள்ளே படிந்திருக்கிற வெள்ளைச் சுண்ணாம்பைக் காட்டுகிறா. "கிழமைக்கு ஒருக்கால் நான் இதைச் சுரண்டுறன், உங்கடை எஞ்சினை ஆர் சுரண்டினது?" என்று ஒரு கேள்வி. இவ்வளவு காலமும் அந்தக் கேத்திலில்தான் நான் தேத்தண்ணி குடிக்கிறேன், எனக்கு மூளை ஓடவில்லை.

ஆகவே எஞ்சின் மாற்றுவதில்லை, திருத்துவதுதான் முடிவு. காணி உறுதி திரும்ப அலுமாரிக்குள் போய்விட்டது. ஹெட்டைச் சமப்படுத்த லேத்துப் பட்டறைக்கு அனுப்பியாயிற்று, சுண்ணாம்பைக் கரைக்க மருந்து விட்டிருக்கிறார்கள், ரேடியேற்றரும் புதிது போடுகிறோம். இனிமேல் ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் இல்லை, கடையில் விற்கிற போத்தல் கூலன்ற்தான், சத்தியம். கர்ப்பூரத்தை மட்டும் விடமாட்டேன், அதற்கு நீ ஒன்றும் சொல்லாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, கையுறை போடாமல் சூடான எஞ்சினில் கை வைக்காதே, முருகன் உன்னோடு நிற்பான். அம்மா உனக்கு மிளகாய்த்தூளும் காயவைத்த பனங்கிழங்கு ஒடியலும் அனுப்ப ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறா. ஒன்று மறக்காதே. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு ஹெட் பூட்டுகிறோம், உனக்கு அது காலையில் வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம். நீ வீடியோவில் பார்த்து ஓம் என்று சொல்லாமல் ஒரு நட்டும் இறுக்கக்கூடாது என்று சுபாஸ்கரனுக்குச் சொல்லிவிட்டேன். உடுப்பு மாற்றி நிற்காதே பிள்ளை, வேலை உடுப்போடேயே வா. எல்லோரும் உன்னை அப்படியே பார்க்கட்டும்.

மெக்கானிக் ஆரபியின் அப்பா,
க. நமசிவாயம்