காட்டிக்கொடுத்த அக்காவுக்கு

என் பக்கத்துக் கட்டில் ருக்குமணி அக்காவுக்கு,

பாக்கியம் எழுதுகிறேன். ஊதுபத்தி பாக்கியம் என்றால்தான் உங்களுக்குப் புரியும். இவள் பக்கத்தில் படுத்தால் சாமி ரூமில் படுத்த மாதிரி இருக்கிறது என்று சொல்வீர்களே, அவளேதான். கோபிநத்தம் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது, பிழை இருக்கும். உங்களுக்கு எழுத்தே தெரியாது, அதனால் பிழையும் தெரியாது. அங்கே படித்தவர்கள் யாராவது இருந்தால் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். டாக்டர்களும் ஒருநாள் அங்கே வந்துதானே ஆகவேண்டும்.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. நான் நன்றாக இருக்கிறேன். ராகிக் களி இறங்குகிறது. வயிற்றில் மேலிருந்து கீழாகப் போட்ட தையல், வெயில் காலத்தில் மட்டும் அரிக்கிறது. ஊதுபத்திக் கம்பெனியில் நிற்கிற வேலையிலிருந்து எடுத்து, உட்கார்ந்து பாக்கெட் ஒட்டுகிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் எனக்காகக் காரம் இல்லாமல் சமைத்துப் பழகினார். இப்போது அந்தக் கை காரம் போட மாட்டேன் என்கிறது. மைசூரிலேயே சப்பென்ற ரசம் எங்கள் வீட்டில்தான்.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குத் தெரிந்த கதை. ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் எதையும் நடுவிலிருந்துதான் ஆரம்பிப்பீர்கள், கேட்கிறவர்கள் முழிப்பார்கள்.

எனக்கு வயிறு வலித்தபோது வாயு என்று நினைத்தேன். ஓமத் தண்ணீர் குடித்தேன், சோடா குடித்தேன், தொப்புளைச் சுற்றிப் பெருங்காயம் தடவினேன். மூன்றாம் நாள் பச்சையாக வாந்தி வந்தது. ஆஸ்பத்திரியில் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தது கண்ணாடி போட்ட அந்த டாக்டரம்மா. என் மகளைவிட இரண்டு வயது கூட இருக்கும், அவ்வளவுதான். ஒரு தடவைதான் தொட்டார். குடல் அடைத்திருக்கிறது, கொஞ்சம் கறுத்தும் இருக்கலாம், இன்றைக்கே திறக்க வேண்டும் என்றார். நாளைக்குக் கம்பெனிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

கண் விழித்தபோது மூக்கில் குழாய், பக்கத்துக் கட்டிலில் நீங்கள். புற்று என்று உங்கள் வயிற்றில் பாதியை எடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. வார்டுக்கே மூத்தவர் மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள்.

“ஏம்புள்ள, முழிச்சுட்டியா? தண்ணி கேக்காத. கேட்டாலும் குடுக்க மாட்டாங்க.”

“நீங்க யாருங்க?”

“நானா? அனூர்ப் பக்கம். சோளக்காட்டுக்காரி. உனக்கு முந்தி இங்க தண்ணி கேட்டவ.”

குடலை வெட்டி ஒட்டினால் அது தூங்கிவிடும், அது விழித்துக் கொண்டதற்கு அடையாளம் காற்றுப் பிரிவது, அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. இதை எனக்கு முதலில் சொன்னது டாக்டர் இல்லை, நீங்கள். காலையில் பெரிய டாக்டர், கண்ணாடி டாக்டரம்மா, படிக்கிற டாக்டர்கள் நாலைந்து பேர் என்று ஒரு கூட்டம் கட்டில் கட்டிலாக வரும். “கேஸ் ஹோய்த்தா அம்மா?” என்று கேட்கும், காற்றுப் பிரிந்ததா என்று. பெற்ற பிள்ளைகள் முன்னால்கூட நாம் பேசாத விஷயத்தைப் பத்துப் பேர் நின்று கன்னடத்தில் விசாரித்தால் என்ன பதில் சொல்வது? பாதிப்பேர் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள்.

அதற்குத்தான் நீங்கள் பஸ் விட்டீர்கள். வார்டில் யாரும் கேஸ் என்று சொல்லக் கூடாது, பஸ் என்றுதான் சொல்ல வேண்டும். “கொள்ளேகால் பஸ் வந்துருச்சா?” என்று காலையில் குரல் கொடுப்பீர்கள். யாருக்காவது வந்துவிட்டால் மற்றவர்கள் ஸ்பூனால் கட்டில் கம்பியைத் தட்ட வேண்டும். எதிர்க் கட்டில் ஜயம்மாவுக்குத் தமிழில் ஒரு சொல் வராது, ஆனால் பஸ் வந்ததும் முதல் தட்டு அவருடையதாகத்தான் இருக்கும். தையல் போட்ட வயிற்றோடு சிரித்தால் உயிர் போகும் என்று, அவர் தன் தலையணையைக் கொடுத்து வயிற்றில் அணைத்துக்கொண்டு சிரிக்கச் சொல்லிக்கொடுத்தார். அந்தத் தலையணை வார்டு முழுக்கச் சுற்றியது.

எனக்கு மட்டும் பஸ் வரவில்லை. நாலு நாள். நாக்கு செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பார்கள், அதை உறிஞ்சப் பார்த்தால் சிஸ்டர் பிடுங்கிக்கொள்வார். ஜயம்மாவைப் பார்க்க வந்த அவர் மகள் ஜன்னலோரம் நின்று காபி குடிப்பதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. ஐந்தாம் நாள் காலையில் டாக்டரம்மா கேட்டதும், “ஹோய்த்து” என்றேன். போய்விட்டது என்று.

டாக்டரம்மா முகம் மலர்ந்தது. சீட்டில் எழுத ஆரம்பித்தார். இரண்டு ஸ்பூன் தண்ணீர், தாங்கினால் சாயங்காலம் கஞ்சித் தெளிவு. இரண்டு ஸ்பூன், அக்கா. நான் மனத்துக்குள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டேன்.

அப்போது நீங்கள் வாயைத் திறந்தீர்கள்.

“சுள்ளு, டாக்டர். பொய் சொல்றா இவ. பஸ்ஸும் வரல, ஒண்ணும் வரல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

“வந்திருந்தா நீ கம்முனு இருந்திருப்பியா? கம்பி தட்டச் சொல்லி ஊரையே எழுப்பியிருக்க மாட்ட?”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் நாலு இடத்தில் வைத்து நெடுநேரம் கேட்டார். வயிற்றில் எந்தச் சத்தமும் இல்லை. அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். ஒட்டின இடத்தில் ஒரு ஓரம் விட்டிருந்தது. கசிவு கொஞ்சம்தான், வயிற்றைக் காலியாகவே வைத்திருந்தால் தானாக மூடும் என்றார்கள். பெரிய டாக்டர் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். இன்றைக்குக் குடித்துச் சாப்பிட்டிருந்தால் நான் மறுபடி திறந்திருப்பேன், மூடியிருப்பேனா என்று தெரியாது என்றார்.

நான் என்ன செய்தேன்? உங்களிடம் பேசாமல் இருந்தேன். முழுசாக மூன்று நாள். காட்டிக்கொடுத்தவள் என்று ஜயம்மாவிடம் உங்களைப் பற்றிக் கன்னடத்தில் வேறு முறையிட்டேன், உங்களுக்குக் கன்னடம் என்னைவிட நன்றாக வரும் என்பதை மறந்து. நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துச் சிரித்ததில் கட்டில் ஆடியது.

பஸ் வந்தது எட்டாம் நாள். பார்வையாளர் நேரம், கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நிற்கிறார். அப்போது, அத்தனை பேர் முன்னால். நீங்கள்தான் முதலில் ஸ்பூனை எடுத்தீர்கள். “இது கொள்ளேகால் பஸ் இல்லடி, மாதேஸ்வரன் மலை பஸ்ஸு, அதுதான் இத்தனை லேட்டு,” என்றீர்கள். சூப்பர்வைசர் ஹார்லிக்ஸை என் காலடியில் வைத்துவிட்டு வெளியே போனவர் போனவர்தான். நான் தலையணையை அணைத்துக்கொண்டு சிரித்தேன். பேச்சும் திரும்பி வந்தது.

ஆனால் அன்றைக்கு வாயில் ஊற்றிய முதல் ஸ்பூன் தண்ணீர் உங்களால் வந்தது என்று நான் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டரம்மாவுக்குக் கும்பிடு போட்டேன், சிஸ்டருக்கு ஊதுபத்தி கொடுத்தேன், ஜயம்மாவைக் கட்டிப்பிடித்தேன். உங்களிடம், “வரேன், சிஐடி அக்கா,” என்றேன். நன்றி என்று வாயில் வரவில்லை. நம்மிடையில் அந்த வார்த்தை எதற்கு என்று நினைத்தேனோ என்னவோ.

இனிமேல்தான் நான் எழுத வந்தது.

மாதம் ஒரு புதன்கிழமை இருவரும் ரிவ்யூவுக்கு வருவோம். நீங்கள் அனூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்து எனக்கும் சேர்த்து பெஞ்சில் இடம் போட்டு வைப்பீர்கள். மூன்றாம் மாதம், உங்கள் இட்லியைப் பிட்டுப் பிட்டு எனக்கே தந்தீர்கள். “எனக்கு வேண்டாம்புள்ள, நீ தின்னு, நீதான் காத்தடிச்சா பறக்கிற மாதிரி இருக்கே.” நான் தின்றேன். நாலாம் மாதம், பெஞ்சிலிருந்து எழுந்து போய் வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்துவிட்டு வந்தீர்கள். எடை பார்க்கும்போது பையைக் கீழே வைக்கச் சொன்னார் சிஸ்டர். ஒரு பையை வைத்தீர்கள். இன்னொன்று, எடை குறைந்தது தெரியாமல் இருக்க, சேலைக்குள் இடுப்பில் இருந்தது. அதில் இரண்டு தேங்காய் இருந்ததும் எனக்குத் தெரியும், ஒன்று எனக்கென்று கொண்டுவந்தது.

“சீமந்தம் முடியட்டும்டி,” என்றீர்கள். “மகளுக்கு வளையல் போடறப்ப நான் படுக்கையில கெடந்தா சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாங்க? அடுத்த மாசம் நானே சொல்லிப்போடறேன்.”

உள்ளே டாக்டரம்மா சாப்பாடு எப்படி என்று கேட்டார். இரண்டு உருண்டை களி சாப்பிடுகிறேன் என்று ஒரு கூச்சமும் இல்லாமல் சொன்னீர்கள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். மேசைக்குக் கீழே என் கையைக் கிள்ளினீர்கள். டாக்டரம்மா என்னைப் பார்த்து, “அக்கா சொல்றது நிஜமா?” என்று கன்னடத்தில் கேட்டார். வேடிக்கைக்குத்தான் கேட்டார், நம் பழைய கதை அவருக்குத் தெரியுமே.

நான் நிஜம் என்றேன்.

அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அக்கா. நீங்கள் என்னைக் காட்டிக்கொடுத்தீர்கள், நான் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை, பார்த்தீர்களா என்று. உங்களைவிட நான் நல்லவள் என்று.

சீமந்தம் நடந்தது. நீங்கள் மஞ்சள் சேலையில் நின்ற போட்டோவை உங்கள் மகள் எனக்கு அனுப்பினாள். அடுத்த புதன்கிழமை பெஞ்சில் எனக்கு யாரும் இடம் போட்டு வைக்கவில்லை. பிறகு ஆறு வாரம். அவ்வளவுதான்.

காரியம் முடிந்த பிறகு போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். வாந்தியைச் சொன்னேன், தேங்காயைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோய் முன்பே கல்லீரலுக்குப் போயிருக்கும், ஒரு மாதம் முந்திச் சொல்லியிருந்தால் வலி வேண்டுமானால் குறைந்திருக்கும், பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்றார். உண்மையாகச் சொன்னாரா, நான் தூங்க வேண்டும் என்று சொன்னாரா? உங்களிடம் கேட்டால் சரியாகச் சொல்வீர்கள். டாக்டர் பொய் சொன்னாலும் கண்டுபிடிக்கிற ஆள் நீங்கள். வலி குறைந்திருக்கும் என்ற அந்தப் பாதியை மட்டும் நான் மறக்கவில்லை.

இனி சந்தோஷச் சேதி. உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். வயிறு கல் மாதிரி இறுகி ஒரு நாள் பூராவும் அழுதாளாம். உங்கள் மகள் பயந்துபோய் எனக்கு போன் செய்தாள். நான் மடியில் கவிழ்த்துப் போட்டு முதுகைத் தடவச் சொன்னேன். போனிலேயே கேட்டது அக்கா, பஸ் வந்தது. இந்தப் பக்கம் நான் ஸ்பூனை எடுத்துக் குக்கரைத் தட்டினேன். வீட்டுக்காரர் என்ன ஆயிற்று என்று ஓடி வந்தார்.

போன புதன்கிழமை ரிவ்யூ. பெஞ்சில் என் பக்கத்தில் ஹுணசூர்க்காரி ஒருத்தி, உங்களுக்குச் செய்த அதே ஆபரேஷன். பத்து நாளாகச் சாப்பாடு தங்கவில்லை, ஆனால் டாக்டரிடம் சொன்னால் படுக்கவைத்துவிடுவார்கள் என்று என்னிடம் அழுதாள். சொல்லாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உங்கள் கை மாதிரியே சில்லென்று இருந்தது. உள்ளே போனதும், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள். கதவருகில் அடுத்த ஆளாக நான் நின்றிருந்தேன்.

“சுள்ளு, டாக்டர்,” என்றேன்.

அவள் திரும்பி ஒரு முறை முறைத்தாள். அன்றைக்கே அட்மிட் செய்துவிட்டார்கள். சாயங்காலம் வார்டுக்குப் போய்ப் பார்த்தேன், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். நன்றி சொல்லாமலும் போகட்டும். அது எப்படி என்று எனக்குத் தெரியும்.

இனி எந்த பெஞ்சில் உட்கார்ந்தாலும், யார் என் கையைக் கிள்ளினாலும், சொல்லிவிடுவேன் அக்கா. இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்களைக் காட்டிக்கொடுக்காத தங்கச்சி,
பாக்கியம்