கட்டுக்குள் போன கை

ஐப்பசி, செவ்வாய்.

நிலக்கரியோடு கழிவுத்தாள் சேர்த்து எரிக்கத் தொடங்கியதிலிருந்து ஆலையில் நான் இயக்கும் பாய்லரில் நீராவி அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. இன்றும் இறங்கினால் தாளை நிறுத்திவிடுவேன் என்றார் மேனேஜர். தாள் பிரிக்கும் பெண்களுக்கு வேலை போய்விடும்.

அவர்களில் ஒருவர் பசியாவரம் ஊர்க்காரர் அஞ்சலையக்கா. அந்த ஊர் ஏரியில் கையால் தடவி இறால் பிடித்தவர். இன்று காலை ஒரு தாள்கட்டுக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"உள்ள ஈரம் தம்பி."

பிரித்தேன். மேலே காய்ந்திருந்தது, நடுவில் சொதசொதவென்று இருந்தது.

"எப்படிக்கா தெரிஞ்சுது?"

"சேத்துல இறால் எங்க கீதுன்னு கண்ணா பாக்குது? கைதான்."

எல்லாக் கட்டுகளையும் தடவி, ஈரமானவற்றை ஒதுக்கினார். மாலை வரை அழுத்தமானியின் முள் இறங்கவேயில்லை. மேனேஜரே கைகூப்பினார்.

அந்த ஈரக் கட்டுகள் ஆலைக்கு வந்தபோது மேலாகத் தொட்டுப் பார்த்து, காய்ந்தவை என்று கையெழுத்துப் போட்டவன் நான். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.