பாஸ்ஸு திருக்கை

மராக்கெஷ்
மார்ச் 3, 2009

அன்புத் தம்பி ஹம்முவுக்கு,

நலம்தானே? போன் செய்தால் எடுக்க மாட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

பெருநாளுக்கு வந்தபோது உன் அலமாரியிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி வந்தேனே, கல்லாய்ப் போன திருக்கை மீனின் பல்வரிசை, அப்படி ஒன்றை இங்கே பல்கலைக்கழகத்தில் எவரும் பார்த்ததே இல்லையாம். சுறாப் பல் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிற பாலைவனம்தான் நம்முடையது. ஆனாலும் இது வேறு. அதுவும் அப்பா தோண்டின குழியில்! புது இனம் என்று பதினெட்டாம் தேதி ஆய்வாளர் கூட்டத்தில் கட்டுரை வாசிக்கப்போகிறேன். என்ன பெயர் வைத்திருக்கிறேன் தெரியுமா? அப்பா பெயர்தான், பாஸ்ஸு திருக்கை. குழி சரிந்து செத்த மனிதருக்கு நாம் வேறென்ன செய்தோம்? இந்தப் பெயராவது இருக்கட்டும். அம்மா அதற்குள் ஸ்கூராவில் ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

எந்த மண்ணடுக்கில் எடுத்தாய் என்று உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. சோம்பேறித்தனம் வேண்டாம்டா.

உன் அக்கா
இஜ்ஜா

ஸ்கூரா
மார்ச் 12

அக்காவுக்கு,

மூன்று தாள் கிழித்தாயிற்று. எழுத வெட்கமாக இருக்கிறது.

அது ஒரே மீனின் பல்வரிசை இல்லை. நடுவிலுள்ள பெரிய பற்கள் கீழ் மண்ணடுக்கில் எடுத்தவை, ஓரத்துப் பற்கள் மேலடுக்கில் எடுத்தவை. நான்தான் பசையில் சலித்த மணலைக் குழைத்துச் சேர்த்தேன். சாலையில் வண்டி நிறுத்துகிற வெள்ளைக்காரர்களுக்காகச் செய்தது. "கல்லு விக்கிற பயலே, படிக்கிறவங்களுக்கு ஒண்ணாவது குடுத்திருக்கியாடா?" என்று எப்போதும் ஏசுவாய். அன்று அதைப் பார்த்ததும் உன் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கடா கிடைச்சுது?" என்றாய். "அப்பா குழியில" என்று வாய்க்கு வந்துவிட்டது. பிறகு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அப்பா பெயரை என் பொய்க்கு வைத்துவிடாதே, அக்கா. வெந்நீரில் போட்டால் பிரிந்துவிடும். என்னைத் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஹம்மு

மராக்கெஷ்
மார்ச் 20

தம்பி,

உன் கடிதம் கூட்டத்துக்கு முதல் நாள் கிடைத்தது. திட்டலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை.

அப்பாவும் இப்படித்தான் ஒட்டுவார். அவருக்கு மணல் சலித்துக் கொடுத்தவள் நான். உன் பல்வரிசையின் பின்பக்கத்தைத் தடவிய அன்றே என் விரலுக்குத் தெரிந்துவிட்டது, சலித்த மணல் என்று. தெரியாததுபோல் கையைத் துடைத்துக்கொண்டேன். உன் கையெழுத்து வந்துவிட்டால் பழி உன்னோடு போகும், பேர் எனக்கு வரும். அதற்குத்தான் கேட்டேன். இதை உனக்கு எழுத உடம்பே கூசுகிறது.

என் முறை வந்ததும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வெந்நீர் கேட்டேன். "தேநீருக்கா? புதினா போடட்டுமா?" என்றார் ஒரு பெரியவர். பல்வரிசையை அதில் இறக்கினேன். மணல் இளகி, பற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று அடியில் விழுந்தன. "இது எங்க வீட்டு வேலை. பாத்தப்பவே எனக்குத் தெரியும்" என்றேன். கட்டுரையிலிருந்த அப்பா பெயரை அங்கேயே நான்தான் கோடு போட்டு அடித்தேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்று போனில், அப்பா பெயர் வைத்த சந்தோஷத்தில் தெருவுக்கே கூஸ்கூஸ் சமைத்துப் போட்டதாகச் சொன்னாள். தனியாக அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. வருகிற வெள்ளிக்கிழமை டாக்ஸியில் வருகிறேன். சாலைமுனையில் நில். சேர்ந்தே உள்ளே போவோம்.

இஜ்ஜா