கோட்டைத் தாண்டிய பந்து

மச்சானுக்கு,

உன் மகள் இதைப் படித்துக் காட்டும்போது நடுவில் பேசாமல் கேள். மழையில் நடந்த அந்தக் கடைசி ஆட்டத்தில் நம் அணி அடித்த பந்து கோல் கோட்டைத் தாண்டியது. நடுவர் கோல் தரவில்லை. அதனால் மேலே ஏற முடியாமல் நாம் மூன்றாம் டிவிஷனிலேயே கிடந்தோம். நீயும் நடுவர் பக்கம் சேர்ந்துகொண்டு, "கண்ணு அவிஞ்சா போச்சு மச்சான்?" என்று என்னைக் கேட்டாய். அதை நான் மறக்கவில்லை.

இப்போது உனக்குப் பார்வை போய்விட்டதால் மைதானத்துக்கே வர மாட்டேன் என்கிறாயாம். "தெரியாத ஆட்டத்துக்கு நான் எதுக்கு?" என்றாயாம், உன் தங்கை சொன்னாள்.

மைதானத்தில் என் பக்கத்தில் உன் இடத்தில் இப்போது ஒரு தபால்காரர் உட்காருகிறார். நான் எதைச் சொன்னாலும் "ஆமாங்கய்யா" என்கிறார். போன வாரம் நாலு கோல் வாங்கிய பிறகு, நம் கோல்கீப்பரைப் போல ஒருவன் உலகத்திலேயே இல்லை என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன். அதற்கும் ஆமாம் போட்டார். இவரோடு எப்படி ஆட்டம் பார்ப்பது?

சனிக்கிழமை மதியம் வண்டியோடு வருகிறேன். நம் அணியின் நீல மப்ளரைச் சுற்றிக்கொண்டு வாசலில் நில். களத்தில் நடப்பதை நான் சொல்கிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து, "புளுகாத மச்சான்" என்று சொன்னால் போதும்.

அந்தப் பந்து தாண்டியதுதான்.

இப்படிக்கு,
உன் தங்கையைக் கட்டிக்கொண்டவன்