சவ வண்டியின் துரு

ஆரணி. 1893 நவம்பர், புதன் இரவு.

மழையில் கொட்டகை ஒழுகி, சபையின் சவ வண்டிக்கு அடித்திருக்கும் இரும்புத் தகடு முழுக்கத் துரு ஏறிவிட்டது. இன்று மத்தியானம் கொட்டகையில் சுரண்டும் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். கொல்லர் சாமுவேல் இருமிக்கொண்டே உளியால் தகட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பல மாதமாகக் காசநோயில் படுத்திருப்பவர்.

"இந்த உடம்போட இது எதுக்கு? மேலே கறுப்பு வர்ணம் பூசிக்கலாமே" என்றேன்.

"துரு மேல பூசினா உள்ளே தின்னுகினே இருக்கும் உபதேசியார் ஐயா. சுத்தமா சுரண்டிட்டு, மறுபடி துரு ஏறாம ஈயச் செந்தூரத்தை எண்ணெயில குழைச்சுப் பூசணும். அப்புறந்தான் கறுப்பு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்னைத் தள்ளிகினு போறவங்க வேட்டியில கறை படக்கூடாதுங்க. ராகேலுக்குச் சொல்லிடாதீங்க."

அதற்குள் அவர் மனைவி ராகேலே கஞ்சியோடு வந்துவிட்டாள். "நான்தான் வேலைக்குக் கூப்பிட்டேன்" என்று சொல்லிவைத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு தேங்காய் நாரில் செங்கல் தூளைத் தொட்டுக்கொண்டு வண்டியருகே உட்கார்ந்தாள்.

"தலை வைக்கிற பக்கம் எதுங்க ஐயா?"

காட்டினேன். அங்கிருந்தே தேய்க்கத் தொடங்கினாள். சாமுவேல் சற்று நேரம் அவளையே பார்த்தார். உளியை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பொழுது சாயும்வரை இருவரும் சேர்ந்து தேய்த்தார்கள்.

ஜெபத்தில் அவர்கள் பெயரைச் சொன்னேன். என்ன கேட்பதென்றுதான் தெரியவில்லை.