ஒரே அறையின் காற்று

நேற்று என் வீட்டு வாசல் கதவுக்குப் பாலிஷ் அடித்தார்கள். வெள்ளானூர் வீட்டை விட்டுப் பாரிவாக்கத்துக்குக் குடி வந்து அதிக நாள் ஆகவில்லை. மாடிப்படி ஏறும்போதே அந்த நெடி வந்துவிட்டது. மேலாகத் தின்னரின் இனிப்பு, அதற்கு அடியில் தொண்டையைக் கீறுகிற இன்னொன்று. பாலிஷ்காரர் ஓரமாக வைத்திருந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். ஹார்ட்னர். பூச்சு கண்ணாடிபோல் இறுகுவதற்காகக் கலக்கிற திரவம். இருபது சொச்ச வயதில் நீயும் நானும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் தகரக் கூரைக்குக் கீழே நாள் முழுக்கச் சோதித்துக்கொண்டிருந்த அதே வகைச் சரக்கு.

"மாஸ்க் போட்டுக்கக் கூடாதாண்ணே?" என்றேன்.

அவர் சிரித்தார். "இன்னா மேடம், நெடி ஒத்துக்கலயா? நான் எத்தினியோ வருசமா அடிச்சிகினு கீறேன். எனக்கு இன்னா ஆய்டிச்சி?"

அவருக்கு ஒன்றும் ஆகவில்லைதான். எனக்கும் ஆகவில்லை. உனக்கு ஆனது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்லவேண்டியது சேர்ந்துபோயிருக்கிறது. முக்கியமாக, உன் தம்பி யூசுப்பைப் பற்றி.

அந்தச் சோதனைக்கூடம் உனக்கு நினைவிருக்கும். ஒரே ஒரு ஜன்னல், அதுவும் ஜெனரேட்டர் பக்கம் திறப்பது. புகையை வெளியே இழுக்கவேண்டிய விசிறி பாதி நாள் ஓடாது. பூந்தமல்லியிலிருந்து நீ பஸ்ஸில் வருவாய். நான் ஆவடிக்கு வந்து ரயில் பிடித்து வருவேன். ஒரே மேசையின் இரு பக்கம் நின்று குடுவைகளைக் குலுக்குவோம். மதியம் அதே மேசையின் ஓரத்தைத் துடைத்துவிட்டு டிபன் டப்பாவைத் திறப்போம். உன் அம்மா கொடுத்தனுப்பும் கத்தரிக்காய்ப் பச்சடிகூட அங்கே தின்னர் மணக்கும். "நம்ம ஊட்டு சோத்துக்கே ஹார்ட்னர் ஊத்திட்டாங்கடி" என்பாய். இருவரும் சிரிப்போம். அப்போது நமக்கு அது சிரிக்கத்தக்க விஷயமாகத்தான் இருந்தது.

பிறகு நீ மேலே படித்தாய். முயல்களின் கண்ணில் மருந்தைச் சொட்டிப் பார்க்கும் ஒரு பரிசோதனை நிலையத்தில் கொஞ்ச காலம் இருந்தாய். அந்தக் கண்கள் தூக்கத்தில் வருகின்றன என்று சொல்லி விட்டுவிட்டாய். கடைசியில் கணினியிடம் வந்து சேர்ந்தாய். உன் பின்னாலேயே என்னையும் இழுத்துக்கொண்டாய்.

நம் வேலை என்ன என்று என் மாமியார் கேட்டபோது நீ சொன்ன விளக்கத்தை இன்றும் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். "தெருவுக்குப் புதுசா ஒரு ஆள் வர்றான் ஆன்ட்டி. அவன் யாருன்னு தெரியாது. ஆனா மூஞ்சி, நடை எல்லாம் யார் மாதிரி கீதுன்னு பாக்கலாம்ல? அதைத்தான் கம்ப்யூட்டர் பாக்குது." அவ்வளவுதான் விஷயம். புதிய வேதிப்பொருளின் மூலக்கூறைத் திரையில் வரைகிறோம். ஏற்கெனவே சோதித்துக் குணம் தெரிந்த ஏராளமான பொருட்களோடு கணினியில் நாம் 'மாடல்' என்று சொல்லும் கணிப்பு முறை அதை ஒப்பிடுகிறது. இது தோலை அரிக்குமா, மீனைக் கொல்லுமா, நுரையீரலைக் கெடுக்குமா என்று கணித்துச் சொல்கிறது. அதை வைத்து அந்தப் பொருளை வகைப்படுத்தி, டப்பாவின் மேல் எந்த எச்சரிக்கைப் படம் வேண்டும் என்று எழுதித் தருகிறோம். எந்த முயலும் சாகவேண்டாம். அதில் உனக்கு இருந்த நிம்மதியை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த நிம்மதிக்கு நீ ஒரு காவலும் போட்டிருந்தாய். ஒரு பசைக் கம்பெனிக்காரர் தன் புதுப் பொருளுக்குப் பச்சை விளக்கு கேட்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? கணினி 'ஆபத்தில்லை' என்றுதான் சொல்லியிருந்தது. ஆனால் அதற்குத் தெரிந்த பொருட்களில் ஒன்றுகூட இதைப் போல இல்லை. நீ 'முடிவு சொல்ல இயலாது' என்று எழுதினாய்.

"ஆமாவா இல்லையா, ஒண்ணு சொல்லுங்க மேடம்" என்றார் அவர்.

"இதுக்கு எங்க மாடல்ல சொந்தக்காரங்களே இல்ல சார். யார் மாதிரின்னு தெரியாம குணம் சொன்னா, அது ஜோசியம்."

அவர் எழுந்து போய்விட்டார். நம் மேலாளர் உன்னிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ டீக்கடையில் வைத்து என்னிடம் கத்தினாய். "தெரியாத ஊர்ல போயி மாடல்கிட்ட வழி கேக்கறதா? நாம பச்சைன்னு எழுதிக் குடுத்துடுவோம். எவன் ஊட்லயோ ஒருத்தன் இருமிகினு கெடப்பான்."

இருமல் உன் வீட்டுக்குத்தான் வந்தது.

அம்பத்தூர் ஸ்டேஷன் மேம்பாலத்தின் நடுப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நீ நின்றதுதான் எனக்குத் தெரிந்த முதல் அறிகுறி. தூசி என்றாய், பிறகு வயசு என்றாய். ஸ்கேன் எடுத்த டாக்டர், நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டு வருகிறது என்றார். காரணம்? பல இருக்கலாம், பல நேரம் தெரிவதே இல்லை என்றார். பிறகு எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைச் சாதாரணமாகக் கேட்டார்.

"வீட்டுல புறா ஏதாவது வளக்கறீங்களா?"

யூசுப் உனக்குப் பின்னால் ஸ்கேன் உறையைப் பிடித்தபடி நின்றான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து மொட்டைமாடியில் புறா வளர்ப்பவன் அவன். அவற்றின் எச்சமும் இறகுத் தூளும் சிலருடைய நுரையீரலை இப்படித்தான் இறுக்கும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். அதற்கான ரத்தப் பரிசோதனையும் தெளிவாக எதையும் காட்டவில்லை. அவனுக்கு அது காதில் ஏறவே இல்லை.

மறுநாளே எல்லாவற்றையும் நசரத்பேட்டையில் ஒரு நண்பனுக்குக் கொடுத்தான். பழகிய புறாக்கள் சும்மா இருக்குமா? அந்தி சாய்வதற்குள் கைப்பிடிச் சுவரில் வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டன. அவன் கொம்பில் துணியைக் கட்டிக்கொண்டு துரத்தினான். "போங்கடா, இங்க வராதீங்கடா" என்று அழுதுகொண்டே துரத்துகிறான் என்று போனில் என்னிடம் சொன்னாய். அதற்குள் உனக்கு மூச்சு வாங்கியது. பிறகு எங்கோ தொலைவில் உள்ள ஒருவரிடம் அனுப்பினான். அவை திரும்பவில்லை. மாடி முழுக்க ஃபினாயில் ஊற்றிக் கழுவினான். அந்த நெடியில் உனக்கு இன்னும் அதிகமாக இருமல் வந்தது.

ஆக்சிஜன் மெஷினோடு நீ கட்டிலில் சாய்ந்திருந்த மாதங்களில்தான் அந்தக் காரியத்தை என்னிடம் கேட்டாய். "நாம அந்த லேப்ல எதையெல்லாம் மோந்தோம், யோசிச்சு சொல்லு. எல்லாத்தையும் மாடல்ல போடு."

நினைவிலிருந்து மாறி மாறிப் பெயர்களைச் சொன்னோம். பழைய பாட்டு ஞாபகம் வருவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மறுநாள் ஆபீசில் ஒவ்வொன்றையும் வரைந்து போட்டேன். பலவற்றுக்கு அந்தப் படம் வந்தது, மார்பில் நட்சத்திரம் வெடித்த மனித உருவம். நுரையீரலுக்கு ஆபத்து. அவற்றில் சில, கணிக்கவே தேவையில்லாமல், உலகம் முன்பே அறிந்தவை. நமக்கு அன்று யாரும் சொல்லாதவை.

அந்த முடிவை உன்னிடம் காட்டினேன். நீ யூசுப்பைக் கூப்பிட்டாய்.

"பாத்தியா? கம்ப்யூட்டரே சொல்லிடிச்சு. அந்தக் கம்பெனிதான். உன் புறா இல்ல."

அவன் என்னைப் பார்த்தான். நீயும் என்னைப் பார்த்தாய், வாயைத் திறக்காதே என்று. ஒரு பொருளுக்கு ஆபத்து உண்டு என்பது வேறு. அதுதான் இந்த ஆளை வீழ்த்தியது என்பது வேறு. இதை எனக்குக் கற்றுத் தந்தவளே நீதான். அவன் உன் காலடியில் உட்கார்ந்து தலையைக் கட்டிலில் சாய்த்துக்கொண்டான். பல நாளாக நிமிர்த்தியே வைத்திருந்த தோள் இறங்குவதைப் பார்த்தேன்.

அவன் போனதும் கேட்டேன். "என்னடி பண்ற நீ? நமக்குத் தெரியாதே."

"தெரியாதுன்னு சொன்னா, புறாதான்னு அவனே முடிவு பண்ணிப்பான். தெரியாதுங்கறதத் தாங்க எல்லாராலயும் ஆவாதுடி."

அதற்குமேல் பேச உனக்கு மூச்சில்லை.

மழைக்காலத்தில் நீ போனாய். பூந்தமல்லி வீட்டில் உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை யூசுப்பின் முதுகு தெரிந்தது.

இனி நீ அறியாதது.

சில மாதம் கழித்து, ஞாயிறு பூசை முடிந்து நான் வீடு திரும்பியபோது அவன் வெள்ளானூரில் என் வாசலில் காத்திருந்தான். வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். அந்தக் கம்பெனி இப்போது வேறு பெயரில் வேறு இடத்தில் நடக்கிறதாம். வழக்குப் போடப்போகிறானாம்.

"கம்ப்யூட்டர் சொன்னத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுக்கா. அது போதும்னு வக்கீல் சொல்றாரு."

டீ போடுகிற சாக்கில் சமையலறையில் நெடுநேரம் நின்றேன். நீ அவனுக்காகச் சொன்ன ஒரு வாக்கியம். அதை இப்போது தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறான். எழுதினால், எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியிலேயே அது உடைந்துபோகும். அதுவும் அத்தனை பேர் முன்னால், அவன் கண்ணெதிரே. எழுதாவிட்டால், இங்கேயே, என் கையால் உடையும்.

"யூசுப், அந்தப் பொருளெல்லாம் நுரையீரலக் கெடுக்கும்னு எழுதித் தரேன். நானும் உங்க அக்காவும் அத அங்க சுவாசிச்சோம்னு கோர்ட்டுல வந்து சொல்றேன். அதனாலதான் அவளுக்கு வந்துச்சுன்னு என்னால எழுத முடியாது. அது யாருக்கும் தெரியாது."

"அவ சொன்னாளே."

"உனக்காகச் சொன்னா."

அவன் டீயைத் தொடவில்லை.

"அப்போ புறாவா இருக்கலாம்."

"இருக்கலாம். கம்பெனியாவும் இருக்கலாம். ரெண்டும் சேந்தும் இருக்கலாம். ரெண்டுமே இல்லாமலும் இருக்கலாம்."

எழுந்து வாசல்வரை போனான். செருப்பில் காலை நுழைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"நீயும் அதே ரூம்லதானக்கா இருந்த? உன் நெஞ்ச எவனாவது பாத்தானா?"

யாரும் பார்க்கவில்லை. நான் காட்டவில்லை. நீ போன பிறகு என் சின்ன இருமலுக்கெல்லாம் நான் பயந்ததும், பயந்ததாலேயே டாக்டர் பக்கம் போகாததும் யாருக்கும் தெரியாது. கோபத்தோடு வந்தவன் அந்தக் கோபத்தோடேயே வேறொரு நாள் என்னை உன் டாக்டரிடம் அழைத்துப் போனான்.

பரிசோதனை அறையில் ஒரு பெண் என் மூக்கில் கவ்வியை மாட்டிக் குழாயை வாயில் வைத்தாள். "நல்லா இழுங்க, இழுங்க, இப்ப ஊதுங்க, விடாதீங்க, விடாதீங்க" என்று கூவினாள். நீ இதே நாற்காலியில் உட்கார்ந்து ஊதியிருப்பாய். நான் ஊதினேன். ஊதிக்கொண்டே இருக்க முடிந்தது.

"இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு" என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் இருந்த யூசுப்பிடம் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். சொன்ன பிறகு அவன் முகம் மெல்ல மாறியதைப் பார்த்தேன். இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஒரே அறை, ஒரே மேசை, ஒரே காற்று. அதை இழுத்த இருவரில் ஒருத்தி நன்றாக இருக்கிறாள் என்றால், மற்றவளிடம் கூடுதலாக இருந்தது என்ன? அவன் வீட்டு மொட்டைமாடிதானே?

"அப்படிக் கணக்குப் போடாத யூசுப். ஒரே காத்துதான், ஆனா ஒடம்பு ரெண்டு. ஒருத்தருக்கு ஒத்துக்கறது இன்னொருத்தருக்கு ஒத்துக்காது."

"தெரியும்கா" என்றான். தெரிந்திருப்பது எவ்வளவு குறைவாக உதவும் என்று எனக்கும் தெரியும்.

நான் எழுதிக் கொடுத்த தாள், என்னால் எழுத முடிந்த அளவோடு, வக்கீலிடம் இருக்கிறது. வழக்கு நிற்குமா என்று அவருக்கே நிச்சயமில்லை. யூசுப் அவ்வப்போது வருகிறான். உன் அம்மா கொடுத்தனுப்பியதை வைத்துவிட்டு, என் உடம்பு எப்படி என்று கேட்கிறான். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்தப் பதில் அவன் மேல் விழுவதைப் பார்க்கிறேன்.

ஆபீசில் இன்றும் நான்தான் 'முடிவு சொல்ல இயலாது' என்று எழுதுகிறவள். உன் கண்டிப்பு என்னிடம் இருக்கிறது. ஒருவனின் தோள் இறங்குவதற்காக நீ சொன்ன பொய்யும் என்னிடம் இருக்கிறது. அன்று சமையலறையில் இந்த இரண்டில் எதை எடுத்திருக்கவேண்டும் என்று இன்னும் தெரியவில்லை. இவற்றோடு, அந்த அறையிலிருந்து கெடாமல் வெளியே வந்த இந்த மூச்சும் இருக்கிறது. யூசுப் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அதைச் சத்தம் வராமல் இழுத்து விடுகிறேன்.